மடித்து வாங்கிய கையெழுத்து

மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலின் மூன்றாவது பெட்டியில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடம் நடக்கும். மணியடிப்பதில்லை, பிள்ளைகளும் கிடையாது. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஜெயகரன் ஏறுவார். தோளில் டிபன் பை, அக்குளில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பிள்ளைகளின் ப்ராக்ரஸ் கார்டுகள். வண்டி பங்காருப்பேட்டையைத் தொடுவதற்குள் எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கூட்டம் ஏறிவிடும், கையை நீட்ட இடமிருக்காது.

தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்குப் பெங்களூரில்தான் பிழைப்பு. பிள்ளை கண் விழிக்குமுன் கிளம்பி, பிள்ளை சாப்பிட்டு முடித்தபின் வந்து சேருகிறவர்களைப் பள்ளிக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? சபை நடத்தும் பள்ளியில் இதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கார்டுகளை ஜெயகரனிடம் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை ரயிலில் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அவர் மகள் நிக்கோல் உறையைப் பள்ளி ஆபீசில் சேர்த்துவிடுவாள். பத்து வருஷமாக ஒரு கார்டு தொலைந்ததில்லை, ஒரு கையெழுத்து தவறியதில்லை.

அந்தப் பெட்டிக்கென்று ஒரு மரியாதையும் இருந்தது. கார்டை யாரும் விரித்து நீட்டுவதில்லை. மார்க் உள்ளே போக, கையெழுத்துக் கோடு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்துத்தான் ஜெயகரன் நீட்டுவார். பக்கத்துச் சீட்டுக்காரன் கண்ணில் பிள்ளையின் கணக்கு மார்க் படக் கூடாது. வாங்குகிறவரும் பிரித்துப் பார்க்க மாட்டார். பிரித்தால், பக்கத்தில் இருப்பவரை நம்பவில்லை என்றாகும். மார்க் என்பது வீட்டில் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய சங்கதி. ரயிலில் வெறும் கையெழுத்து. ஜெயகரன்கூட உள்ளே பார்த்ததில்லை. மேலட்டையில் பெயரைப் பார்த்து மடிப்பார், அவ்வளவுதான். வைட்ஃபீல்டில் அவர் வேலை பார்ப்பது ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில். அங்கே வந்திறங்கும் சரக்கில் ஒரு போல்ட் குறைந்தாலும் அவர் பேனா மூடி திறக்காது. அந்த மனிதர்தான் ரயிலில் இப்படி.

கார்டு வைத்து எழுத மேசை ஏது? அதற்கு ஏகநாதனின் முதுகு இருந்தது. அவர் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருக்காரர், அண்ணன் தம்பிகள் கடையைப் பார்த்துக்கொள்ள, தான் ஒரு மாலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கும் இசபெல்லா, அவரைத் திரும்பச் சொல்லிவிட்டு அந்த அகலமான முதுகில் வைத்துத்தான் எழுதுவாள். "குனியாதீங்கண்ணா, என் கையெழுத்து கோணலா போவுது. ஸ்கூல்ல என்னைக் குடிச்சிட்டு வந்தவன்னு நெனைப்பாங்க." அவள் மகன் ஜோஸும் ஏகநாதனின் மகள் ஸ்வப்னாவும் நிக்கோலும் ஒரே வகுப்பு.

போன வருஷம் ஜூன் மாதம் தலைமை ஆசிரியர் கிளமெண்ட், ஜெயகரனின் வீட்டுக்கு வந்தார். தலைமை ஆசிரியர் என்பது ஊருக்கு. ஜெயகரனுக்கு அவர் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பெஞ்சுக்காரன். சபையின் க்வயரில் கிளமெண்ட் மேல்குரலான டெனர், ஜெயகரன் அடிக்குரலான பேஸ். இருபத்தைந்து வருஷமாகத் தோளுக்குத் தோள் நின்று ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் குரல் தாங்கிப் பிடிக்கும்.

அன்றைக்குக் கிளமெண்ட் உட்காரவே இல்லை. பெங்களூரில் ஓர் அறக்கட்டளை பள்ளிக்கூடங்களை மாற்றியமைக்கக் கிளம்பியிருக்கிறது, நம்முடையதையும் எடுத்துக்கொண்டது என்றார். நாளை வகுப்பு என்று பெயர். மனப்பாடம் கிடையாது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் நிரல் எழுதுவார்கள், கருவி செய்வார்கள், கூட்டமாகச் சேர்ந்து ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்ப்பார்கள். இன்னும் பத்து வருஷத்தில் என்ன வேலை இருக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது, தெரியாத வேலைக்குப் பிள்ளையைத் தயார் செய்வதுதான் படிப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, எதிரே நின்ற ஜெயகரனுக்கு வீட்டின் கூரை சற்று மேலே ஏறினாற்போல் இருந்தது.

"நாம எல்லாரும் வண்டி ஏறிப் போறோம், கரா. போயி இன்னா பண்றோம்? வாட்ச்மேன், லோடிங், ஹவுஸ்கீப்பிங். நம்ம பசங்களும் அதே வண்டியில அதே சீட்டுல போயி குந்தணுமா?" என்று கேட்டார் கிளமெண்ட்.

ஒன்பதாம் வகுப்பில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார். கையில் வித்தை உள்ள பிள்ளைகள் என்றார். அதில் நிக்கோலின் பெயரும் இருந்தது. புத்தகத்தோடு மல்லுக்கட்டி அழுகிற தன் மகளின் கையில் ஏதோ இருப்பதை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஜெயகரன் அன்றிரவு மனைவி ஈவ்லினிடம் இரண்டு முறை சொன்னார்.

பெற்றோரின் சம்மதத்துக்குப் படிவம் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம், கையெழுத்துக் கோடு கடைசியில். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை உறை கை மாறியது. திங்கட்கிழமை ரயிலில் ஜெயகரன் ஒவ்வொன்றையும் மடித்து நீட்டினார். பழகிய கை தானாக மடித்தது. எந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று உள்ளே ஏதாவது எழுதியிருக்கும். அது அந்தந்த வீட்டுக்காரர் சமாச்சாரம் என்பதுதான் அவர் நினைப்பு. இசபெல்லா மட்டும் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "இன்னாண்ணா இது, கார்டு இல்லியே?"

"புதுக் கிளாசுக்கு சம்மதம். கிளமெண்ட் குடுத்தான்."

"நீங்க போட்டுட்டீங்களா?"

"மொத கையெழுத்தே என்னுதுதான்."

அவள் ஏகநாதனின் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு இவள் முதுகு. வண்டி பங்காருப்பேட்டைக்குள் நுழைந்தபோது பதினோரு கையெழுத்தும் உறைக்குள் இருந்தன.

அந்த வருஷம் நன்றாகத்தான் போனது. அதைப் பொய் என்று பின்னால் ஒருபோதும் ஜெயகரனால் சொல்ல முடியவில்லை. நிக்கோல் காலையில் தானே எழுந்தாள். பற்ற வைக்கும் ஈயத்தின் வாசனை அவள் சீருடையில் இருந்தது. நாளை வகுப்புப் பிள்ளைகள் பேத்தமங்களா ஏரிக்குப் போய், மதகோரம் ஒரு கம்பத்தில் சின்னப் பெட்டியொன்றைப் பொருத்திவிட்டு வந்தார்கள். தண்ணீர் எத்தனை விரற்கடை ஏறியது, இறங்கியது என்று அது தினமும் மத்தியானம் அவர்கள் ஃபோனுக்குச் சொல்லும். பெட்டியின் மூளையை எழுதியது ஜோஸ், உடம்பைச் செய்தது நிக்கோல். முழங்கால்வரை சேற்றோடு இரண்டு பேரும் சிரிக்கும் படம் அறக்கட்டளையின் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு வந்தது. இசபெல்லா அந்தப் பக்கத்தை ரயிலில் பெட்டி முழுக்க அனுப்பினாள்; அது திரும்பி வரும்போது மாலூர் தாண்டியிருந்தது. ஏகநாதன் சேற்றைப் பார்த்துவிட்டு, இதுக்குத்தான் இவ்ளோ படிப்பா, எங்க தாத்தா இதே ஏரியில எருமை குளிப்பாட்டினாரு என்றார். அதற்கு ரயில் பெட்டியே சிரித்தது.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஜெயகரனுக்கு விடுமுறை. பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. பத்தாம் வகுப்புக்கு என்னென்ன நோட்டு வாங்க வேண்டும் என்று கேட்டு வரலாமென்று பள்ளிக்குப் போனார். அறிவிப்புப் பலகையில் பத்தாம் வகுப்பின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. முப்பத்திரண்டு பெயர். நிக்கோல் இல்லை. எழுத்துப் பிழையாக வேறு எங்கோ இருக்குமென்று மறுபடி மேலிருந்து படித்தார். ஜோஸ் இல்லை. ஸ்வப்னா இல்லை. நாளை வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஆபீசில் கிளார்க் தாமோதரன் இருந்தார். கேட்டதும், தேடாமலே அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். பதினோரு டி.சி. எல்லாம் தயார், திங்கட்கிழமை வீட்டுக்கே அனுப்பலாம் என்றிருந்தோம், நீங்களே வந்துவிட்டீர்கள் என்றார். அந்தப் பிள்ளைகள் பத்தாவதைத் திறந்தநிலைத் தேர்வாகத் தனியே எழுதிக்கொள்வார்கள், இனிப் பள்ளிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்.

"யாரு கேட்டா இத?"

தாமோதரன் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதான் சார் கேட்டிருக்கீங்க." ஒவ்வொரு டி.சி.யின் பின்னாலும் ஒரு படிவம் குத்தியிருந்தது. ஜெயகரன் தன்னுடையதை எடுத்து விரித்தார். நடுவில் இருந்த மடிப்பு இன்னும் போகவில்லை. மூன்றாம் பக்கத்தில், மடித்தால் சரியாக உள்ளே போகிற இடத்தில் அந்தப் பத்தி இருந்தது. ஆண்டு முடிவில் எங்கள் பிள்ளையின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீக்கி, வெளியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி எங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் கேட்டுக்கொள்கிறோம். கடினமான ஆங்கிலம் இல்லை. நிக்கோலே படித்துச் சொல்லியிருப்பாள். கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து, நல்ல நீல மையில், ரயில் குலுக்கலுக்கு ஒரே ஒரு இடத்தில் வழுக்கியிருந்தது.

கிளமெண்ட் கம்ப்யூட்டர் அறையில் இருந்தார். புதிதாக வந்த பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜெயகரனின் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மறுக்கவில்லை. அதற்காகத் தயாராக இருந்தவர்போல, நிதானமாகத்தான் பேசினார். பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டினால்தான் அறக்கட்டளை அடுத்த ஐந்து வருஷம் இங்கே நிற்கும். ஒரு பிள்ளை தவறினாலும் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே வருஷத்துக்கு வருஷம் சேர்க்கை குறைகிறது. ஒரு பள்ளிக்கூடமே மூடிப்போவதா, பதினோரு பிள்ளைகள் வேறு வழியில் பரீட்சை எழுதுவதா?

"கையில வித்தை கீதுன்னு சொன்னியே," என்றார் ஜெயகரன்.

"கீது. நான் பொய் சொல்லலியே. ஆனா அந்தப் பதினோரு பேரும் எட்டாவதுல கடைசிப் பதினோரு பேரு, கரா. உனக்குத் தெரியாதா? கார்டெல்லாம் உன் கையிலதானே போய் வந்துச்சு."

தெரியாது. ஒரு கார்டைக்கூட அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு உறையில் இருந்த பெயர்களை வரிசைப்படுத்த அரை நிமிடம் ஆகியிருக்காது.

"இத ஏன் என் கையில குடுத்து வாங்கின?"

கிளமெண்ட் ஒரு பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினார். "வேற யாரு கையில குடுத்திருந்தாலும் பிரிச்சுப் படிச்சிருப்பாங்க."

அந்தப் பதிலில் கேலி இல்லை. கணக்குப் போட்டு விடை சொல்வதுபோல இருந்தது. ஜெயகரனுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் ஏதோ காலியாக இருந்தது. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருமே, அப்படி. இருபத்தைந்து வருஷம் இந்த ஆளின் மூச்சைத் தன் காதோரம் கேட்டுப் பாடியிருக்கிறேன், இவன் எப்போது மூச்சு வாங்குவான் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேனே என்பதுதான் மனதில் சுற்றி வந்தது.

கிளமெண்ட் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நிக்கோல் பேர நான் சேத்துடறேன். ஒரு புள்ளைய நானே கூட உக்காத்தி வெச்சுப் பாஸ் பண்ண வெச்சுடுவேன். அவ எனக்கும் பொண்ணுதானே. நீ மட்டும் ரயில்ல இத கெளப்பாத."

ஜெயகரன் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டின் மேலிருந்து காற்று சாம்பல் நிறத் தூசியைக் கொண்டுவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடுவரை நடந்தார்.

ஈவ்லின் எல்லாவற்றையும் கேட்டாள். கிளமெண்டை வாய் நிறையத் திட்டினாள். பிறகு கொஞ்சம் அமைதியாகி, தானாக வருவதை ஏன் தள்ள வேண்டும், முதலில் நம் பிள்ளை உள்ளே போகட்டும், பிறகு மற்றவர்களுக்காகப் பேசுங்கள் என்றாள். இன்னும் இரண்டு நாளைக்கு நிக்கோலிடம் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னாள். மறுநாள் ஆராதனையில் ஜெயகரன் க்வயருக்குப் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இசபெல்லா நான்கு வரிசை முன்னால் இருந்தாள். எழுந்து போய்ச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? நாளை ரயிலில் எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆராதனை முடியுமுன் எழுந்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை பெட்டியில் ஏறியபோதே பேச்சு நின்றது. இசபெல்லாவின் கண் வீங்கியிருந்தது. ஞாயிறு மாலை ஜோஸ் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆடப் போனவன் அறிவிப்புப் பலகையைப் பார்த்திருக்கிறான். பட்டியல் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. இப்போது முப்பத்து மூன்று பெயர். கடைசியில், பேனாவில் எழுதியிருந்த பெயர் நிக்கோல்.

ஜெயகரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். படிவத்தின் மூன்றாம் பக்கம், அலமாரியில் இருக்கும் டி.சி.கள், எட்டாவதில் கடைசிப் பதினோரு பேர். கிளமெண்ட் தன்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வண்டி உரிகத்தில் நின்று கிளம்பியது. அவர் பேசி முடித்ததும் ஏகநாதன் மெதுவாகக் கேட்டார்.

"உங்க பொண்ணு பேரு மட்டும் எப்டிண்ணா ஏறுச்சு?"

"நான் கேக்கல. அவனா எழுதியிருக்கான்."

"வேணான்னு சொன்னீங்களா?" இது இசபெல்லா.

ஜெயகரன் குனிந்து டிபன் பையைக் காலடியில் இறக்கி வைத்தார். அவர் நிமிரும்வரை அவள் காத்திருந்தாள்.

"சனிக்கெழமையே தெரியும் உங்களுக்கு," என்றாள். "நேத்து கோயில்ல என் முதுகையே பாத்துக்கினு குந்தினு இருந்தீங்க. என் பையன் நேத்து சாயங்காலம் அந்தப் பலகை முன்னாடி நின்னு என் பேரு எங்கம்மான்னு ஃபோன் பண்றான். நான் இன்னா சொல்லட்டும்? ஸ்கூல் உன்ன வேணாங்குதுன்னு சொல்லவா? நான்தான் கையெழுத்து போட்டு அனுப்பினேன்னு சொல்லவா?"

அப்போதுதான் ஜெயகரனுக்கு அது முழுசாக விளங்கியது. கிளமெண்ட் பெயரைச் சேர்த்தது நட்புக்காக மட்டும் இல்லை. அந்த ஒரு பெயரைப் பேனாவால் எழுதி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிட்டால், ஜெயகரன் என்ன பேசினாலும் அதற்கு இனி விலை இல்லை. இரண்டாவது முறையும் அவரை மடித்து நீட்டியிருக்கிறார்.

பங்காருப்பேட்டையில் இசபெல்லா இறங்கினாள். ஏகநாதனும் இறங்கினார். அன்றைய வேலையை விட்டுவிட்டு, திரும்பிப்போய் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் கல்வி அலுவலகத்தில் முறையிடுவதென்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. நீங்க வேலைக்குப் போங்க என்று இசபெல்லா ஜெயகரனிடம் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவரும் இறங்கினார். திரும்பும் பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் பின்னால் நின்றுகொண்டு வந்தார்.

அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் சங்கடத்தைச் சொன்னார். பெற்றோரே எழுதிக் கேட்டிருக்கிறார்கள், கையெழுத்து உண்மையானது. பள்ளி அதைத்தான் காட்டும். ஆனால் இந்தக் கையெழுத்துகளை வாங்கியவர் ஒருவர் இருந்து, என்ன சொல்லி வாங்கினேன், தலைமை ஆசிரியர் பிற்பாடு என்ன சொன்னார் என்று எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு இடமுண்டு.

"அது நான்தான் மேடம்," என்றார் ஜெயகரன்.

அதிகாரி பதினோரு பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். நிக்கோலின் பெயர் வந்ததும் பேனா நின்றது. இந்தப் பிள்ளை இப்போது பதிவேட்டில் இருக்கிறாள் என்றீர்களே? டி.சி. எழுதிய பிறகு சேர்த்தது முறைப்படி இல்லை. நீங்கள் இதை எழுதிக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை அவள் பெயரையும் நிறுத்தி வைப்பார்கள். மற்றவர்களோடு அவளும் வெளியே நிற்க வேண்டியிருக்கும், எத்தனை நாளென்று தெரியாது என்றார். யோசித்து எழுதுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

ஜெயகரன் தாளைப் பார்த்தார். "வூட்டுக்குப் போயி பொண்ண ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

பெஞ்சில் இருந்த இசபெல்லா சத்தமில்லாமல் சிரித்தாள். "போயிட்டு வாங்க. நாங்க எங்கயும் போவ மாட்டோம், எங்களுக்குப் போறதுக்கு ஸ்கூல் இல்ல."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். ஈவ்லின் வேலைக்குப் போயிருந்தாள். நிக்கோல் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் இந்த நேரத்தில் வந்ததற்கு அவள் ஆச்சரியப்படவில்லை. ஜோஸ் தன் நம்பரை ப்ளாக் செய்துவிட்டான் என்றாள். ஸ்வப்னா ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள், அதைக் காட்ட மாட்டேன் என்றாள்.

ஜெயகரன் அவள் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இந்த முறை ஒன்றையும் உள்ளே வைத்துப் பேசவில்லை. எழுதிக் கொடுத்தால் அவளுக்கு என்ன ஆகும், கொடுக்காவிட்டால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று, அதிகாரி சொன்னது அத்தனையும் சொன்னார். நிக்கோல் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளை வகுப்புக்கு என்னை எடுத்தது, நான் நல்லா செய்வேன்னு இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப நாங்க ஏரியில வெச்ச பெட்டி?"

"அது நெசம். அத நீதான் செஞ்ச."

அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. வெளியே குப்பை வண்டி வந்து போன பிறகு அவள் பேசினாள். குரல் சின்னதாக, பதினைந்து வயதைவிடச் சின்னதாக இருந்தது. "எனக்கு அங்கயே எழுதணும்பா. ட்யூஷன் போறேன். கணக்குல தேறிடுவேன். எல்லாரோடயும் வெளிய போயி நின்னா நான் படிக்கவே மாட்டேன், எனக்குத் தெரியும். தப்புதான். ஆனா என் பேரு அதுல கீதுப்பா. நீ எழுதாத."

ஜெயகரன் எழுந்து அவள் தலையில் கை வைத்தார். அவள் அசையவில்லை. சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டது அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"நான் எழுதித்தான் குடுக்கப் போறேன், நிக்கி."

"அப்ப என்னை எதுக்குக் கேக்க வந்த?"

கேட்காமல் செய்தது ஒரு பாவம் என்று ஓடி வந்தார். கேட்டுவிட்டுச் செய்வது அதைவிடச் சின்னதா பெரியதா என்று வழியெல்லாம் யோசித்தும் தெரியவில்லை. அவர் வாசலைத் தாண்டியதும் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த வீட்டில் பகலில் யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

அலுவலகத்தில் இசபெல்லாவும் ஏகநாதனும் அதே பெஞ்சில் இருந்தார்கள். அவர் திரும்பி வந்ததைப் பார்த்து ஏகநாதன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். இசபெல்லா நகரவில்லை. ஜெயகரன் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே எழுதினார். சம்மதப் படிவம் என்று சொல்லி வாங்கியது, மடித்து வாங்கியது, தானே படிக்காதது, கம்ப்யூட்டர் அறையில் கிளமெண்ட் சொன்னது. கிளமெண்டின் பெயரை எழுதும்போது, சிறுவயதில் அவன் நோட்டில் எழுதிக் கொடுத்த அதே வளைவோடு எழுத்து வந்தது. நிறுத்தி, அடித்துவிட்டு, தலைமை ஆசிரியர் என்று எழுதினார்.

அதிகாரி படித்துப் பார்த்தார். கடைசியில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது, பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதவில்லையே என்றார். பத்தா, பதினொன்றா?

இசபெல்லா முதன்முறையாக அன்று அவரை நேராகப் பார்த்தாள்.

"பதினொண்ணு," என்றார் ஜெயகரன். எண்ணால் எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதினார். அதிகாரி முத்திரை குத்தி ஒரு நகலைக் கொடுத்தார். வியாழக்கிழமைக்கு மேல் வந்து பாருங்கள் என்றார். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. வெயில் கண்ணை அடித்தது. வேலைக்குப் போகவும் நேரமில்லை, வீட்டுக்குப் போகவும் முடியாது. ஏகநாதன் டீ குடிக்கலாமா என்று பொதுவாகக் கேட்டார். இசபெல்லா எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜோஸ் காத்திருப்பான் என்று நடந்தாள். அவள் போன பக்கமும் தன் வீட்டுப் பக்கமும் ஒன்றுதான் என்பதால், அவள் கண்ணுக்கு மறையும்வரை ஜெயகரன் அங்கேயே நின்றார்.